உதடு அசைச்ச பொணம்

கற்பூரத்துக்கு எங்க போறது, பீடி பத்தவெச்ச தீக்குச்சிதான் கையில இருக்கு, இதை ஊதி அணைச்சுச் சொல்றேன்: இதுல வர ஒவ்வொரு சொல்லும் சத்தியம். பொய்யின்னா என் நாக்குல கொப்புளம் கெளம்பி மொளகா பஜ்ஜியப் பாத்துக்கிட்டே திங்க முடியாம நான் சாகணும், எனக்கு அதைவிடப் பெரிய தண்டனை கெடையாது. படுத்துக் கெடந்த ஆளு மனசுக்குள்ள நெனச்சது உனக்கு எப்படிடா தெரியும்னு கேப்பீங்க. பொணமா படுத்திருக்கிற மனுசன் நெனைக்கிறதத் தவிர வேற என்னத்தய்யா பண்ணுவான்.

வடபழனிப் பக்கம் ஒரு ஸ்டுடியோ. உள்ள ஒரு வீட்டு செட்டு, செட்டுக்கு நடுவுல பெஞ்சு, பெஞ்சு மேல பாய், பாய் மேல ஆர்.பி. தாண்டவராயன் செத்துக் கெடக்காரு. சினிமாச் சாவுதான், பதறாதீங்க. கதாநாயகனோட அப்பா வேஷம். மூக்குல பஞ்சு, நெத்தியில ஒத்தக்காசு, கால் பெருவெரல் ரெண்டையும் சேத்துக் கட்டியாச்சு. மேல பரண்ல இருந்து அடிக்கிற லைட்டு இருக்கே, அது மூடின கண்ணுக்குள்ள செக்கச்செவேல்னு எறங்குது, என்னமோ யாரோ கண்ணுக்குள்ள தக்காளியப் பெசைஞ்ச மாதிரி. மூச்சு விடக்கூடாது. விட்டாலும் வயித்துல விடக்கூடாது, நெஞ்சுல மேலாக்க விடணும், அதுவும் ஈ மூச்சு விடற அளவுக்கு. ஈ ஒண்ணு நெசமாவே கால்ல ஒக்காந்திருக்கு. இருக்கட்டும், பொணத்து மேல ஈ ஒக்காந்தா பொருத்தமாத்தான் இருக்கும், டைரக்டர் சந்தோசப்படுவாரு, இந்த ஈக்கு நம்மளவிட நல்லா நடிக்கத் தெரியுது, யாரும் அதுகிட்ட வந்து கம்மி பண்ணுன்னு சொல்லல. கம்மி. அந்தச் சொல்லு வந்துருச்சு பாருங்க. அந்தச் சொல்லுலதான் இவரோட சினிமா வாழ்க்கை மொத்தமும் அடங்கிக் கெடக்கு. மொதப் படத்துல ஈட்டி புடிச்ச சேவகன், மகாராஜா வருகிறார்னு ஒரே ஒரு வசனம், அதைச் சொன்னாரு பாருங்க, சவுண்டு எஞ்சினியர் காதுல மாட்டியிருந்தத கழட்டிக் கீழ எறிஞ்சிட்டாரு. தம்பி, இது நாடகக் கொட்டாயி இல்ல, கடைசித் தரை டிக்கெட்டுக்குக் கேக்கணும்னு இல்ல, கேமரா இந்தா பக்கத்துலயே இருக்கு, கொஞ்சம் கம்மி பண்ணுங்க. சரின்னு கம்மி பண்ணாரு. அடுத்த படத்துல கண்ணை உருட்டாதீங்கன்னாங்க, கண்ணைக் கம்மி பண்ணாரு. அதுக்கடுத்து கை ரொம்பப் பேசுதுன்னாங்க, கையப் பின்னால கட்டிக்கிட்டாரு. இன்னொண்ணுல கொரலே வேண்டாம்னு வேற யாரோ ஒருத்தன் கொரலைத் தூக்கி இவரு வாயில வெச்சாங்க, தியேட்டர்ல ஒக்காந்து பாத்தா தன் மூஞ்சியில இருந்து எவனோ மூக்கடைச்ச மாதிரி பேசறான். கம்மி, கம்மி, இன்னுங் கொஞ்சம் கம்மி. கம்மி பண்ணிக் கம்மி பண்ணி கடைசியில இதுல வந்து படுத்தாச்சு. இதுக்கு மேல கம்மி பண்ணணும்னா பாய மட்டும் விரிச்சு எடுக்க வேண்டியதுதான்.

அப்பா வேஷம்னு வீட்டுல சொல்லியிருக்காரு. தனபாக்கியம், அதான் சம்சாரம், அடுப்புல கொழம்பைக் கெளறிக்கிட்டே கேட்டா, அப்பாவா, அப்போ கதை பூரா வருவீங்க, இல்லியா. ம், வருவேன்னாரு. பொய்யில்ல, கதை பூரா அந்த அப்பாவப் பத்தித்தான் பேசறாங்க, இவரு மட்டும் வரமாட்டாரு. பேசற வேஷந்தானேன்னா. கொழம்பு அடி புடிக்குது பாருன்னாரு. படம் வந்தா அக்கம்பக்கத்துப் பொம்பளைங்க எல்லாத்தையும் கூட்டிக்கிட்டு மாட்னிக்குப் போவா, மடியில முறுக்குப் பொட்டலம் இருக்கும், எங்க வீட்டுக்காரரு இப்ப வருவாரு இப்ப வருவாருன்னு சொல்லிக்கிட்டே இருப்பா, அப்புறம் வருவாரு, நெத்தியில காசோட. அந்த இருட்டுல அவ மூஞ்சி எப்படி இருக்கும்னு நெனச்சவொடனே வயிறு ஒரு எக்கு எக்குச்சு. வயிறு அசைஞ்சது கேமராவுல தெரிஞ்சிருக்குமா. இன்னும் கேமரா ஓடலியே, லைட்டுதான் சரி பண்றாங்க, சரி, விடு. நாடகத்துல இந்த மாதிரி பயம் உண்டா. பங்காளி வீடுன்னு ஒரு நாடகம், சமூகக் கதை, இவருதான் கதாநாயகன், இந்தப் பக்கம் பொள்ளாச்சியில இருந்து அந்தப் பக்கம் தேனி வரைக்கும் எந்த ஊர்ல கொட்டாயி போட்டாலும் வண்டி கட்டிக்கிட்டு வந்தாங்க. அப்பன்கூடச் சண்டை போட்டு ராத்திரி வெளிய போன மகன், மனசு கேக்காம விடியக்காலம் திரும்பி வரான், அப்பன் செத்துக் கெடக்கான், பக்கத்துல தலைமாட்டுல அப்பன் சாப்பிடாம வெச்ச சோறு. அந்த எடத்துக்குன்னே வந்து ஒக்காருவாங்க. இன்னைக்கு எடுக்கிறது அந்த சீனுதான். அந்த மகன் வேஷந்தான் இப்ப பவுடர் போட்டுக்கிட்டு அந்தப் பக்கம் நிக்குது. சித்ரகுமார். அம்சமான பல்லு. அந்தப் பல்லுக்குத்தான் படமே கெடச்சுதுன்னு ஊரே சொல்லுது, நாம சொன்னா பொறாமைம்பாங்க, பொறாமைதான், அதுக்கென்ன இப்போ.

படத்து முதலாளி நாடகத்தப் பாத்துட்டு அழுதுகிட்டே உள்ள வந்தாரு. மூஞ்சியில அரிதாரம் கலைக்காம இருந்தவரோட ரெண்டு கையையும் புடிச்சுக்கிட்டு, இந்தக் கதைய நான் படமா எடுக்கறேன் தாண்டவராயன், நீங்க இன்னைக்கு என்னைக் கொன்னுட்டீங்கன்னாரு. அன்னைக்கு ராத்திரி நாடகக் கம்பெனியில யாரும் தூங்கல. பபூன் வேஷக்காரன் எந்திரிச்சு நின்னு, அண்ணன் இனிமே கார்லதான் வெளிக்கிப் போவாருன்னான். இவரு மறுநாளே போட்டோக் கடைக்குப் போயி கோட்டு வாடகைக்கு எடுத்து மாட்டிக்கிட்டு நேரா ஒண்ணு, பக்கவாட்டுல ஒண்ணு எடுத்து அனுப்புனாரு. கம்பெனி கலைஞ்சு, மெட்ராசு வந்து ஈட்டி புடிச்சு, ரொம்ப நாள் கழிச்சுத்தான் ஆபீசுக்குக் கூப்பிட்டாங்க. காபி குடுத்தாங்க. அப்புறம் முதலாளி சொன்னாரு, உங்களுக்கும் இதுல ஒரு வேஷம் வெச்சிருக்கேன். உங்களுக்கும். அந்த ஒரு சொல்லு காபியில விழுந்த எறும்பு மாதிரி. முழுங்கவும் முடியல துப்பவும் முடியல. உங்களுக்கும்னா அப்போ மொதல்ல யாருக்கு, ரெண்டாவது யாருக்கு, எத்தினி பேருக்குக் குடுத்துட்டு மிச்சமிருந்தது இது. அந்தக் காபிய முழுசாக் குடிச்சாரு பாருங்க, அதான் வயித்தெரிச்சல். எந்திரிச்சு வந்திருக்கலாம். எந்திரிச்சு வந்து எங்க போறது, கம்பெனி ஆளுங்க பாதிப்பேரு கோடம்பாக்கத்துல வந்து வாசல் வாசலா நிக்கறாங்க, பபூன் ஒரு படத்துல குதிரைக்குப் பின்னால ஓடறான்.

டேக்குன்னாங்க. அமைதின்னாங்க. டப்புன்னு கிளாப் கட்டையடிச்சாங்க. சித்ரகுமார் ஓடி வர சத்தம், மண்டி போடற சத்தம், பன்னீரும் பவுடரும் கலந்த வாசனை மூஞ்சிக்கு மேல வந்து நின்னுச்சு. தோளப் புடிச்சு உலுக்கறான். ஐயோ, உலுக்காதடா, அங்க எதுக்குடா உலுக்கற. அப்பா, சோறு ஆறுகிறதே அப்பா, எழுந்திருங்களேன் அப்பா. படத்துக்கு வசனம் எழுதினவரு வரிய இஸ்திரி போட்டுக் குடுத்திருக்காரு. ஆறுகிறதே. சோறு ஆறுதுடா, அது எங்கடா ஆறுகிறது. கட் கட் கட்னு டைரக்டர் அச்சுதராவ் எந்திரிச்சாரு. ஆந்திராக்காரரு, நல்ல மனுசன், கோவம் வந்தா மரியாதை கூடிப் போகும். தாண்டவராயன்காரு, நீங்க செத்துட்டீங்கண்டி. செத்தவங்க வசனம் பேசக்கூடாதண்டி. என்னங்க பேசினேன்னு இவரு கண்ணத் தொறந்தாரு. அசிஸ்டென்டு சபேசன் சிரிப்ப அடக்கிக்கிட்டு, அண்ணே, உதடு அசையுது, ஹீரோ சொல்றதுக்கு முன்னாடி நீங்க சொல்லிட்டீங்க, அப்பாவும் புள்ளையும் டூயட்டு பாடற மாதிரி இருக்குன்னான். செட்டே சிரிச்சுச்சு. ஒப்பாரிக்கு வந்த பொம்பளைங்க முந்தானைய வாயில வெச்சுக்கிட்டு குலுங்குறாங்க. இவருக்குத் தெரியவேயில்ல. தன் உதடு அசைஞ்சது தனக்கே தெரியல. நாய் தூக்கத்துல கால ஒதறுமே, அந்த மாதிரி. மறுபடி எடுத்தாங்க. பல்லைக் கடிச்சு நாக்க மேலண்ணத்துல ஒட்டவெச்சுக்கிட்டாரு, வேற எதையாவது நெனைப்போம், கொழம்பு, தனபாக்கியம், மாட்னி, ஈ எங்க, அந்த ஈ எங்க போச்சு, அப்பான்னு அவன் ஆரம்பிச்சவொடனே கீழுதடு தானா ஒரு இழுப்பு. கட். அச்சுதராவ் பக்கத்துல வந்து குனிஞ்சு சொன்னாரு, வெத்தல வாசனை. இன்னொரு வாட்டி அசைஞ்சுதுன்னா மூஞ்சில வேட்டியப் போட்டு மூடிடுவேங்க, அப்புறம் அதுக்கு நீங்க எதுக்கு, எக்ஸ்ட்ராவுல ஒருத்தன் போதும். பெரிய நடிகர் நீங்க, செத்துக் கெடக்கக் கஷ்டமாங்க. ஏ சபேசா, வாயக் கட்டு. சபேசன் வெள்ளைத் துணியக் கிழிச்சு தாடைக்குக் கீழ குடுத்து உச்சந்தலையில முடிச்சுப் போட்டான், செத்தவங்களுக்குக் கட்டற வாய்க்கட்டு. வலிக்குதாண்ணேன்னான். தலைய ஆட்டுனாரு. ஆட்டாதீங்கண்ணே, செத்துட்டீங்கன்னான்.

துணி இறுக்கிப் புடிச்சவொடனே உள்ள இருக்கிற வாய்க்கு இன்னும் கிறுக்குப் புடிச்சுருச்சு. அந்த வரி அவரோடது. அது இங்க ஒருத்தனுக்கும் தெரியாது. நாடக வாத்தியாரு எழுதினது வேற. வானம் இடிந்ததோ, வையம் பிளந்ததோ, தந்தையே தாங்கள் மறைந்தீரோன்னு ஒரு முழம், கைதட்டலுக்குன்னே எழுதினது. அதைத்தான் சொல்லிக்கிட்டிருந்தாரு. கரூர்ல ஒரு நாள், கொட்டாயி நெறைஞ்சு வழியுது, இந்த சீனுக்கு உள்ள நொழையறாரு, எதுக்கால மேடையோரம் சைடு தட்டி மறைவுல சித்தப்பா மகன் மாசிலாமணி நிக்கிறான். மணப்பாறையில இருந்து வந்திருக்கான். கால்ல செருப்பில்ல, துண்டு தோள்ல இல்ல இடுப்புல இருக்கு, மூஞ்சி செரைக்கல. ஒண்ணும் சொல்லல, சும்மா நிக்கிறான். அவ்வளவுதான், தெரிஞ்சு போச்சு. அப்பா. முன்னால கொட்டாயி நெறைய சனம், கீழ பாயில கம்பெனி ஆளு ஒருத்தன் செத்த மாதிரி படுத்திருக்கான், பக்கத்துல வட்டில்ல சோறு, வாயத் தொறந்தா வானமும் இடியல வையமும் பொளக்கல. அப்பாகிட்ட அவரு என்னத்தப் பேசியிருக்காரு. ஒண்ணுமில்ல. சின்ன வயசுல அம்மா அடுப்படியில இருந்து சொல்லுவா, போயி அப்பாவக் கூப்புடு, சோறு ஆறுது. களத்துமேட்டுல படுத்திருப்பாரு அப்பா. எட்டத்துல நின்னுக்கிட்டு, மூஞ்சியப் பாக்கப் பயந்துக்கிட்டு, வேற எங்கயோ பாத்து, அப்பா, சோறு ஆறுது, எந்திரிங்க. அவருக்கும் அப்பாவுக்கும் நடுவுல இருந்த மொத்தப் பேச்சே அது ஒண்ணுதான். அப்புறம் கம்பெனியோட ஓடி வந்தாச்சு, அப்போ ஸ்திரீபார்ட்டு, பொம்பள வேஷம் கட்டி ஆடறவனை அப்பாவுக்குப் புடிக்கல, அதோட அந்தப் பேச்சும் நின்னு போச்சு. அதான் அன்னைக்கு வந்துச்சு. மாசிலாமணியப் பாத்துக்கிட்டே, சத்தமே போடாம, அப்பா, சோறு ஆறுது, எந்திரிங்க. கொட்டாயில ஒரு பொட்டுச் சத்தமில்ல. கைதட்டல்கூட இல்ல. முன்னால தரையில ஒக்காந்திருந்த ஒரு மீசைக்காரன் எந்திரிச்சு வெளிய போயிட்டான். நாடகம் முடிஞ்சு கம்பெனி முதலாளி முதுகுல தட்டுனாரு, பலே, அதையே வெச்சுக்க, அப்புறம் இன்னொண்ணு, நாளைக்கும் கொட்டாயி ஃபுல்லு, ஊருக்கு நாளை கழிச்சுப் போலாம்னாரு. போனப்போ சாம்பல் இருந்துச்சு. மூஞ்சி இல்ல. அதுக்கப்புறம் எத்தினி ஊரு, எத்தினி ராத்திரி, பாயில படுத்திருக்கிறவன் மூஞ்சிய அவரு ஒருநாளும் பாத்ததில்ல, சைடு தட்டியப் பாத்துத்தான் சொன்னாரு, அங்க மாசிலாமணி இருந்தாலும் இல்லாட்டியும். வாத்தியாரு தான் எழுதினதாச் சொல்லிக்கிட்டாரு. இவரு சரின்னு விட்டாரு. எங்கப்பா செத்தத நானே எழுதினேன்னு எவன்கிட்டப் போயிச் சொல்றது.

திரும்பத் திரும்ப எடுத்தாங்க. இப்ப உதடு அசையல, துணி புடிச்சிருக்கு. இப்ப கெடுக்கிறது அந்தப் பக்கம். சித்ரகுமார் அழுதான், கத்துனான், கிளிசரின் ஊத்துனாங்க, நெஞ்சுல முட்டிக்கிட்டான். அவனோட கண்ணுத்தண்ணி இவரு காதுக்குள்ள எறங்கி குறுகுறுன்னு ஓடுது, தொடைக்க முடியல. நாற்காலியில ஒக்காந்திருந்த படத்து முதலாளி, எனக்கு அழுகை வரலியேன்னாரு. சாப்பாட்டுக்கு என்னன்னு கேக்கற கொரல். நாடகத்துல அழுதேனே அச்சுதராவ், துண்டு நனைஞ்சுது, இங்க ஒண்ணும் வரலியே. கொஞ்ச நேரம் குசுகுசுன்னு பேச்சு. அப்புறம், அந்த சோத்து வரி வேண்டாம்யா, தூக்கிருங்க, அந்த எடத்துல ஒரு பாட்டு வெச்சுக்கலாம். அச்சுதராவ் யோசிச்சாரு. கடைசியா ஒரு தரம் பாப்பங்க, வரலைன்னா தூக்கிடறேன்னாரு. பாயில கெடந்தவருக்கு நெஞ்சுக்குள்ள ஒரு மாதிரி குளுகுளுன்னு ஆச்சு. தூக்கட்டும். தூக்குங்கடா. என் சோத்துல கை வெக்காதீங்க. பாட்டு வெச்சுக்குங்க, பல்லு தெரியப் பாடட்டும், என்னோடது என்னோடயே கெடக்கட்டும், நான் போறப்போ எடுத்துக்கிட்டுப் போறேன். அப்படி நெனச்சு முடிக்கல, ஒடனே அடுத்த பக்கம் ஒரு குத்து. போயிரும்ல. கொட்டாயப் பிரிச்சாச்சு, கம்பெனி கலைஞ்சாச்சு, பாத்த சனத்துல பாதி செத்தாச்சு, இன்னைக்கு இதைத் தூக்கிட்டா அப்படி ஒருத்தன் அப்படிச் சொன்னான்னு எங்கயும் இருக்காது, அப்பா இன்னொரு வாட்டி சாம்பலாப் போயிருவாரு. எவன் வாயில இருந்தாலும் இருக்கட்டுமா. எவன் வாயிலயும் இருக்க வேண்டாமா. இருக்கட்டுமா, வேண்டாமா. இருக்கட்டுமா.

பன்னீர் வாசனை பக்கத்துல வந்துச்சு. சித்ரகுமார் குனிஞ்சு நெத்திக்காசச் சரி பண்ற மாதிரி பாசாங்கு பண்ணிக்கிட்டு காதுகிட்ட, அண்ணேன்னான். நான் நாடகத்த நாலு வாட்டி பாத்தேண்ணே. கறுப்புக் கண்ணாடி போட்டுக்கிட்டு பின்னால ஒக்காந்து பாத்தேன். எனக்கு வரலண்ணே. அத எப்படிண்ணே சொன்னீங்க. கொரல் நடுங்குது, இது கிளிசரின் நடுக்கம் இல்ல. இவரு கண்ணத் தொறக்கல. பாவி, கெட்டவனா இருந்து தொலைச்சிருக்கக் கூடாதா. ஒரு அதட்டுப் போட்டுட்டுப் போயிருந்தா நிம்மதியா வெறுத்திருக்கலாமே. அண்ணேன்னு வந்து நிக்கிறானே. வாயத் தொறக்காம பேசாமக் கெடந்தா முடிஞ்சுது, பொணத்துகிட்ட எவனும் ஏண்டா பேசலைன்னு கேக்க முடியாது. கெடந்தாரு. ஒரு மூச்சு, ரெண்டு மூச்சு. ஆனா அந்த ஆறுகிறதே இருக்கு பாருங்க, அது பல்லுல மாட்டின நாரு மாதிரி உறுத்திக்கிட்டே இருக்கு. மனுசன் சொத்த விட்டுருவான், தப்பாச் சொல்றதைக் கேட்டுக்கிட்டு ஒரு நாடகக்காரனால கெடக்க முடியாது. வாய்க்கட்டுக்குள்ள இருந்து, பல்லத் தொறக்காம, முனகினாரு. உலுக்காத. கத்தாத. ஆறுகிறதேன்னு சொல்லாத, ஆறுதுன்னு சொல்லு, எழுந்திருங்க இல்ல, எந்திரிங்க. என்னப் பாக்காத. மூஞ்சியப் பாத்தா வராது. அந்தப் பக்கம் எங்கயாச்சும் பாரு, யாரோ ஒருத்தன் வந்து நிக்கிறான், வாயத் தொறக்காம நிக்கிறான், அவனப் பாத்துக்கிட்டுச் சொல்லு. யாருண்ணே அதுன்னான் அவன். அது ஒனக்கு எதுக்கு. போ.

டேக்கு. அவன் ஓடி வரல, நடந்து வந்தான். மண்டி போடல, நின்னான். தொடல. அப்புறம் எங்கயோ பாத்துச் சொன்னான். அப்பா, சோறு ஆறுது, எந்திரிங்க. அட்சரம் தப்பல. அந்த எட்டத்துல நிக்கிற கொரலு, பயந்த கொரலு, எல்லாம் அப்படியே இருக்கு. பாயில கெடந்தவரு ஒடம்புல மயிர்க்கால் ஒவ்வொண்ணும் எந்திரிச்சு நின்னுச்சு, நல்லவேளை அது கேமராவுல தெரியாது. அப்பதான் ஒண்ணு ஒறைச்சுச்சு அவருக்கு, இத்தினி வருசமா சொன்னவரு அவரு, இன்னைக்குத்தான் மொதமொதலாக் கேக்கறாரு. படுத்திருக்கிறவனுக்கு இப்படித்தான் கேட்டிருக்கும். எந்திரிச்சிரலாம்னு இருக்கு. கட்னு சொல்ல மறந்து அச்சுதராவ் நின்னாரு. ஒப்பாரிப் பொம்பளைங்கள்ல ஒருத்தி நெசமாவே மூக்கச் சிந்தினா. முதலாளி துண்ட எடுத்துட்டாரு. ஓகேன்னாங்க, அப்புறம் பாருங்க, கைதட்டல், பரண்ல இருந்தவங்ககூட கைதட்டறாங்க, அத்தினியும் அந்தப் பக்கம். முதலாளி ஹீரோவக் கட்டிப் புடிச்சுக்கிட்டு, தம்பி, நாடகத்துலகூட இப்படி இல்லப்பான்னாரு. சித்ரகுமார் ஒரு தடவை இந்தப் பக்கம் திரும்பிப் பாத்தான், வாயத் தொறந்தான், அதுக்குள்ள எவனோ மாலையப் போட்டு மூஞ்சிய மறைச்சுட்டான். அண்ணன்தான் சொல்லிக் குடுத்தாருன்னு ஒரு வேளை சொல்லியிருப்பான். சொல்லலை.

இவரு வாய்க்கட்ட அவுத்துக்கிட்டு எந்திரிக்கப் போனாரு. சபேசன் ஓடி வந்து நெஞ்சுல கைய வெச்சு அமுக்குனான். இருங்கண்ணே, சாங்கியம் இருக்கு. பொணமா நடிச்சவங்க எந்திரிக்கறதுக்கு முன்னாடி கேமராவப் பாத்துச் சிரிக்கணும், அத கொஞ்சம் எடுத்துக்கணும், இல்லாட்டி நெசமாவே ஆயிரும், ஒங்களுக்கும் கெட்டது, படத்துக்கும் கெட்டது. ஒருத்தன் பூசணிக்காயத் தூக்கிக்கிட்டு வந்து நிக்கிறான். கேமராவ இவரு மூஞ்சிக்கு நேரா திருப்புனாங்க. இத்தினி படத்துல மொதத் தடவையா கேமரா அவர மட்டும் பாக்குது. பக்கத்துல யாருமில்ல, முன்னால யாருமில்ல, அந்தக் கண்ணாடி உருண்டைக்குள்ள சின்னதாத் தெரியறாரு, மூக்குல பஞ்சோட. சிரிங்கண்ணே. சிரிப்பு எங்கேந்து வரும். கண்ணாடியப் பாத்துக்கிட்டே இருந்தாரு. சிரிங்கண்டி தாண்டவராயன்காரு, ஃபிலிம் ஓடுதுன்னு அச்சுதராவ் சத்தம் போட்டாரு, இந்த ஒரு எடத்துல கம்மி பண்ண வேண்டாம், நல்லாவே சிரிங்க. கம்மி பண்ண வேண்டாம். சரிடா. ஆரம்பிச்சாரு. அடிவயித்துல இருந்து கெளப்பினாரு, ராஜபார்ட்டு சிரிப்பு, கடைசித் தரை டிக்கெட்டுக்குக் கேக்கற சிரிப்பு, கண்ணு உருளுது, ரெண்டு கையும் எந்திரிக்குது, நெத்திக்காசு தெறிச்சு எங்கயோ விழுந்து ஓடுது, பரண்ல தூசி கொட்டுது. சவுண்டு எஞ்சினியர் காதப் பொத்திக்கிட்டாரு. அதைப் பாத்து மொதல்ல சிரிச்சவங்க அப்புறம் சிரிக்கல, ஒவ்வொருத்தரா நிறுத்திட்டாங்க, பூசணிக்காய்க்காரன் ஒரு எட்டு பின்னால போனான். ஒரே டேக்குல ஓகே. சினிமாவுல அவரு நடிச்ச அத்தினியிலயும் ஒரே டேக்குல ஓகே ஆனது அது ஒண்ணுதான், அதுமாதிரி நடிப்ப இந்த மெட்ராசு பாத்ததேயில்ல. அதை எடிட்டரு கைக்கு வந்தவொடனே வெட்டிக் கூடையில போட்டுட்டாரு, சகுனத்துக்கு எடுத்தத எவன் படத்துல ஒட்டுவான். எல்லாரும் சாப்பிடப் போனாங்க. இவரு கால்கட்டையும் அவுத்து, மூக்குல இருந்த பஞ்ச உருவிக்கிட்டு வாசல் பக்கம் போனாரு.

சரி, எந்திரிக்காதீங்க, எங்க கெளம்பறீங்க. இவ்வளவு நேரம் ஓசியில ஒருத்தன் சாவுக்கு வந்து ஒக்காந்துட்டு கையத் தட்டி மண்ண ஒதறிட்டுப் போனா எப்படி. சிரிச்சவங்க ஆளுக்கு ஒரு டீ சொல்லுங்க. சிரிக்காதவங்க டீயோட மொளகா பஜ்ஜியும் சேத்துச் சொல்லுங்க, சட்னி தனியா.